திப்புவின் இரு புதல்வர்: மேடைக் கதையும் மெய்க் கதையும்

இசை நாடகம் என்ற மாத்திரத்தில் தமிழர் நெஞ்சில் வள்ளி திருமணமும் பவளக்கொடியும் எழுந்து நிற்கும். ஆர்மோனியத்தின் ஒலியும், திரைக்குப் பின்னாலிருந்து வரும் முதற் பாட்டும், விடியும்வரை விழித்திருந்த கண்களின் எரிச்சலும் நினைவுக்கு வரும். அந்நாடகங்களின் அரசகுமாரர்கள் புராணத்திலோ கர்ணபரம்பரைக் கதையிலோ பிறந்தவர்கள். மேடையில் அவர்களை அழவைத்தாலும் சிரிக்கவைத்தாலும் வருந்துவதற்கு உற்றார் எவரும் இலர். ஆனால், மெய்யாகவே பிறந்து வளர்ந்துகொண்டிருந்த இரண்டு சிறுவர்களை, அவர்கள் சிறுவர்களாக இருக்கும்போதே மேடைப் பொருளாக்கிப் பாட்டும் வாத்தியமுமாக ஆடிய நாடகமும் உண்டு. ஆடிய இடம் லண்டன்; ஆண்டு 1792. சிறுவர்களின் வீடு, மைசூரிலிருந்து பத்து மைல் தொலைவிலுள்ள ஸ்ரீரங்கப்பட்டணம். நாடகம் அரங்கேறிய ஆண்டில் அவர்கள் கொண்டுபோய் வைக்கப்பட்ட இடம் நமது சென்னைப் பட்டினம்.

தேம்ஸ் நதியின் தென்கரையில், வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தருகே, பிலிப் ஆஸ்ட்லி என்பவர் ஓர் அரங்கு நடத்திவந்தார். குதிரைப்படையில் சார்ஜெண்ட் மேஜராக இருந்து விலகியவர். வட்டமான களத்தில் குதிரையை ஓடவிட்டு, அதன் முதுகில் நின்றபடி வித்தை காட்டுவது அவருடைய தொழில். சர்க்கஸ் என்று இன்று நாம் வழங்கும் கலைக்கு அவரையே மூலபுருஷராகச் சொல்வர். அவருடைய அரங்கில் 1792ஆம் ஆண்டில் முதலில் ‘திப்பு சுல்தான், அல்லது பெங்களூர் முற்றுகை’ என்ற காட்சி நடந்தது. அவ்வாண்டிலேயே ‘திப்பு சாயபின் இரு புதல்வர்’ என்பதும் அரங்கேறியது. கோவண்ட் கார்டன் கொட்டகையார் அதற்கு முந்திய ஆண்டே திப்புவை மேடைக்குக் கொண்டுவந்துவிட்டனர். சாட்லர்ஸ் வெல்ஸ் கொட்டகையாரும் வாளா இருக்கவில்லை. மைசூர் யுத்தச் செய்தி கப்பலேறி லண்டன் சேர மாதக்கணக்கில் ஆகும். வந்து சேர்ந்த செய்தி மேடையேற அதிக நாள் ஆகவில்லை.

இவை ஏன் பாட்டும் கூத்துமாக அமைந்தன என்பதற்குச் சுவையான காரணம் ஒன்று உண்டு. 1737ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாக, வசன நாடகம் நடத்தும் உரிமை லண்டனில் அரச சாசனம் பெற்ற ட்ரூரி லேன், கோவண்ட் கார்டன் என்ற இரு கொட்டகைகளிடமும், கோடைக் காலத்தில் மட்டும் ஹேமார்க்கெட் கொட்டகையிடமும் இருந்தது. மற்றவர்கள் மேடையில் வசனம் பேசினால் சட்டம் பாயும். ஆகவே மற்றவர்கள் பாடினார்கள், ஆடினார்கள், அபிநயம் பிடித்தார்கள். பாட்டிலும் அடங்காத விஷயத்தைத் துணியில் எழுதித் தூக்கிக் காட்டினார்கள். 1843ஆம் ஆண்டுவரை இந்நிலை நீடித்தது. ஆஸ்ட்லியின் அரங்கில் குதிரையும் வெடிமருந்தும் பாண்டு வாத்தியமும் உண்டு; வாதப் பிரதிவாதத்திற்கு இடமில்லை. பேச உரிமையில்லாத மேடைக்கு, பேசாமல் நிற்கும் இரண்டு குழந்தைகளைவிடப் பொருத்தமான பாத்திரங்கள் வேறு எவை?

லண்டன் மக்கள் இக்கதையில் ஏன் மனம் பறிகொடுத்தார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். குழந்தைகளைப் பெற்றுக்கொண்டவர் காரன்வாலிஸ் பிரபு. இவரே 1781ஆம் ஆண்டில் அமெரிக்காவில், யார்க்டவுன் என்ற இடத்தில், ஜார்ஜ் வாஷிங்டனின் சேனையிடம் தம் படையோடு சரணடைந்தவர். உடல்நலமில்லை என்று சொல்லி, வாளை ஒப்படைக்கத் தமக்கு அடுத்த அதிகாரியை அனுப்பியவர். அந்த அவமானம் ஆங்கிலேயர் நெஞ்சில் ஆறாத புண்ணாக இருந்தது. அதனோடு இன்னொரு புண்ணும் சேர்ந்தது. 1780ஆம் ஆண்டில் காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் ஹைதர் அலியும் திப்புவும் கும்பினிப் படையை முறியடித்தார்கள். அப்போரில் சிறைப்பட்ட ஆங்கிலேயர் பலர் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஆண்டுக்கணக்கில் வாடினார்கள். படைத்தலைவர் பெய்லி சிறையிலேயே மாண்டார். இவ்விரண்டு புண்களுக்கும் மருந்தாக வந்தது ஒரு காட்சி: அதே காரன்வாலிஸ், அதே திப்புவின் பிள்ளைகளைக் கைநீட்டி அணைத்து ஏற்கிறார். கொடுங்கோலன் பெற்ற பிள்ளைகளுக்குக் கருணையுள்ள ஆங்கிலேயர் தந்தையாகிறார். மேடைக்கும் ஓவியத்துக்கும் இதைவிட வேறு என்ன வேண்டும்?

மேடை காட்டாத குடும்பத்தை இனிக் காண்போம்.

ஹைதர் அலி மைசூர் உடையார் மன்னரின் சேனையில் சேவகம் புரிந்து, படிப்படியாக உயர்ந்து, ராஜ்ய அதிகாரத்தையே கைப்பற்றியவர். அவருடைய மகன் திப்பு 1750ஆம் ஆண்டில் தேவனஹள்ளியில் பிறந்தார். குழந்தைக்கு அப்பெயர் வந்தது நமது ஆற்காட்டிலிருந்து. அங்கு அடங்கியுள்ள திப்பு மஸ்தான் அவுலியா என்ற பெரியாரின் பெயரை இட்டனர். திப்புவுக்குப் பிள்ளைகள் பலர். மூத்தவர் ஃபத்தே ஹைதர். அடுத்தவர்களுள் அப்துல் காலிக் என்பவரும் முயிசுத்தீன் என்பவரும்தாம் நம் கதைக்குரியவர்கள். இருவருக்கும் தாயார் வேறு. முயிசுத்தீனின் தாய், திப்புவின் சேனாபதிகளுள் ஒருவராகிய புர்ஹானுத்தீனின் உடன்பிறந்தவர். அந்தத் தாய்மாமன் 1790ஆம் ஆண்டு செப்டம்பரில், பவானி ஆற்றங்கரையில் உள்ள சத்தியமங்கலத்தில், ஆங்கிலேயருடன் நடந்த சண்டையில் குண்டுபட்டு இறந்தார். யுத்தம் தொடங்கிய காலத்திலேயே அவ்வீட்டில் விழுந்த முதல் இழவு அது.

பிறகு யுத்தம் நெருங்கி வந்தது. 1791 மார்ச்சில் பெங்களூர் வீழ்ந்தது. மே மாதத்தில் காரன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாயிலுக்கே வந்தும், மழையாலும் பஞ்சத்தாலும் பின்வாங்க நேர்ந்தது. நிஜாமும் மராட்டியரும் அவருக்குத் துணை. மறுபடி வந்து, 1792 பிப்ரவரி 6ஆம் தேதி இரவில் தாக்கித் தீவுக்குள் கால்வைத்தார். கோட்டை இன்னும் விழவில்லை. ஆயினும் திப்பு சமாதானம் கேட்டார். நிபந்தனைகள் கடுமையானவை. ராஜ்யத்தில் பாதியை விட்டுக்கொடுக்க வேண்டும். பாராமகாலும் திண்டுக்கல்லும் மலையாளமும் இவ்வாறு கைமாறியவையே. சேலம், கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தமிழர் கும்பினி ஆட்சிக்கு உட்பட்டதும் இந்த உடன்படிக்கையால்தான். இதற்குமேல் 3 கோடியே 30 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும். அதில் பாதி உடனே, மீதி மூன்று தவணைகளில். எல்லாம் நிறைவேறும்வரை, மூத்த புதல்வர் மூவரில் இருவரை ஒப்படைக்க வேண்டும்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது நின்று செல்ல விரும்புகிறேன். அரசாங்கக் காகிதங்களை மொழிபெயர்ப்பதே தொழிலாக உள்ளவனுக்கு இது மன்னிக்கத்தக்க பழக்கம். ஆங்கிலத்தில் ‘ஹாஸ்டேஜ்’ என்ற ஒரே சொல் இருக்கும் இடத்தில் தமிழுக்குப் பல சொற்கள் உண்டு. சூதில் வைப்பது பணயம். வாக்குக்கு நிற்பது பிணை. கடனுக்கு வைப்பது ஈடு. பத்திரத்தைத் தமிழாக்கும்போது எதை எழுதுவது? ஓவியர்களும் நாடகக்காரர்களும் காட்டியது பிணை: ஓர் அரசரின் வாக்குக்கு இன்னோர் அரசர் வீட்டில் மரியாதையோடு தங்கும் விருந்தாளி. உடன்படிக்கையைத் தவணைக் கணக்கோடு படித்தால், ஈடு என்ற சொல்லே பேனாவின் முனையில் வந்து நிற்கிறது. பணம் வந்தால் பொருள் திரும்பும்; வராவிட்டால் திரும்பாது. பொருள் இங்கே பத்து வயதுக்கு மேற்படாத இரண்டு பிள்ளைகள்.

மூத்தவரான ஃபத்தே ஹைதர் வாலிபர், படையோடு இருந்தவர். அவரைத் திப்பு விடவில்லை. எனவே இளையவர் இருவர்மேல் அப்பொறுப்பு விழுந்தது.

1792 பிப்ரவரி 26ஆம் தேதி நடந்ததை, அப்படையில் அதிகாரியாக இருந்த மேஜர் டைரம் என்பவர் மறு ஆண்டு வெளியிட்ட தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். சிறுவர் இருவரும் வெள்ளி அம்பாரி வைத்த யானைகள்மேல் கோட்டை வாயிலைக் கடந்தனர். உடலில் வெண்மையான மஸ்லின் அங்கி, தலையில் சிவப்புப் பாகை. கழுத்தில் பெரிய முத்துக்கள் பல வடங்களாகத் தொங்கின. நடுவே மாணிக்கமும் மரகதமும் பதித்த பதக்கம். கோட்டையில் பீரங்கி மரியாதை முழங்கியது. அவர்கள் கண்ணுக்கு மறையும்வரை திப்பு கொத்தளத்தின்மேல் நின்று பார்த்தார். காரன்வாலிஸ் கூடார வாயிலுக்கு வந்து இருவரையும் தழுவி, கைப்பிடித்து அழைத்துச் சென்று, தம் இருபுறமும் அமர்த்திக்கொண்டார். திப்புவின் தூதரான குலாம் அலி, இன்று காலைவரை இவர்கள் என் சுல்தானின் பிள்ளைகள், இனித் தாங்களே இவர்களுக்குத் தந்தை என்ற கருத்தில் பேசினார். காரன்வாலிஸ் ஆளுக்கொரு தங்கக் கடிகாரம் பரிசளித்தார். வெற்றிலை பாக்கும் அத்தரும் வழங்கிச் சபை கலைந்தது. வயதுக்கு மீறிய அடக்கத்தோடு சிறுவர் நடந்துகொண்டதைக் கண்டு அனைவரும் வியந்தனர் என்கிறார் டைரம்.

இதுதான் படமான காட்சி. ராபர்ட் ஹோம் என்ற ஓவியர் அந்தப் படையோடு வந்திருந்தமையால், தாம் கண்டதை வரைந்தார். லண்டனை விட்டு நகராத மேதர் பிரௌன் என்பவரும் வரைந்தார். டெவிஸ் வரைந்தார், சிங்கிள்டன் வரைந்தார். அவற்றைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டு விற்றனர். பல படங்களில் காரன்வாலிஸ் கைநீட்டி நிற்பார்; பிள்ளைகள் அண்ணாந்து பார்ப்பார்கள். அந்தப் படங்களையும் அந்த நாடகங்களையும் ஒன்றாக எண்ணிப் பார்த்தால், ஒரே குடும்பச் சித்திரம் உருவாகிறது: தந்தை ஒருவர், பிள்ளைகள் இருவர், தாய் இல்லை.

தாய் ஏன் இல்லை என்பதற்கும் டைரமின் நூலிலேயே விடை இருக்கிறது. முயிசுத்தீனின் தாய், மென்மையான உடம்பினர். பிப்ரவரி 6ஆம் தேதி இரவுத் தாக்குதலில் குண்டுகளின் முழக்கமும் தீவுக்குள் பகைவர் நுழைந்த செய்தியும் அவரை நிலைகுலையச் செய்தன. அதற்குச் சில நாள் கழித்து, அச்சத்தாலேயே இறந்துபோனார் என்று அவர் எழுதுகிறார். ஆகவே, முத்து வடம் அணிந்து யானைமீது அமர்ந்து சென்ற இளைய பிள்ளை, தாயைப் பறிகொடுத்து மூன்று வாரமும் நிறையாதவன். வயதுக்கு மீறிய அடக்கம் என்று கூடாரத்தில் இருந்தவர்கள் வியந்தார்கள். அது அடக்கந்தானா என்று இன்று படிக்கும் நமக்கு ஐயம் எழுகிறது. எதிரிப் படையின் அதிகாரி ஒருவர் ஒளிக்காமல் எழுதிவைத்த இச்செய்தியை எந்தக் கொட்டகையும் பாட்டாக்கியதாக நான் அறியேன்.

இன்னொரு சம்பவமும் மேடைக்கு ஏற்றதே. குடகு நாட்டைக் கேட்டதில் தகராறு மூண்டு, உடன்படிக்கை முறியும் நிலைக்கு வந்தது. உடனே சிறுவர்களின் மெய்காப்பாளரிடமிருந்து ஆயுதங்களைப் பறித்தனர். சிறுவரைச் சீமையின் கிழக்கே கொண்டுபோகப் பயணமும் கட்டிவிட்டனர். விருந்தாளி என்ற வேஷம் ஒரே நாளில் கலைந்துவிட்டது. திப்பு இணங்கினார். மார்ச் 19ஆம் தேதி, இறுதி உடன்படிக்கையைக் காரன்வாலிஸின் கையில் கொடுத்தவர் யார் தெரியுமா? அப்துல் காலிக்தான். தந்தையின் ராஜ்யத்தில் பாதி போன பத்திரத்தை மகனின் கையாலேயே வாங்கிக்கொண்டார்கள்.

அதன்பின் சிறுவர்களைக் காப்டன் டவ்டன் என்ற அதிகாரியின் பொறுப்பில் சென்னைக்கு அனுப்பினர். புனித ஜார்ஜ் கோட்டை அவர்கள் வாசஸ்தலமாயிற்று. சென்னையிலிருந்த துரைமார்கள் அவர்களை விருந்துக்கும் நடனத்துக்கும் அழைத்து வேடிக்கை பார்த்தார்கள். மைசூரில் திப்பு குடிமக்கள்மீது புது வரி விதித்தும் அதிகாரிகளிடம் தண்டியும் தவணைகளைக் கட்டினார். கணக்குத் தீர்ந்தது. 1794 மார்ச்சில் டவ்டன் பிள்ளைகளைத் தேவனஹள்ளியில், திப்பு பிறந்த ஊரிலேயே, தந்தையிடம் ஒப்படைத்தார். விசித்திரம் என்னவெனில், அதே 1794இல் லண்டனில் ஆஸ்ட்லியின் அரங்கு தீப்பற்றி எரிந்து சாம்பலாயிற்று. அவர் மறுபடி கட்டிக்கொண்டார்.

ஒன்றை இங்கே சொல்லாமல் விடுவது நியாயமாகாது. பிள்ளைகளைப் பிரிந்த தந்தை என்ற முறையில் திப்புவுக்காக நாம் இரங்கலாம். ஆனால் பிறர் குடும்பங்களைப் பிரித்ததில் அவரும் பின்வாங்கியவர் அல்லர். குடகர்களையும் மங்களூர்க் கிறிஸ்தவர்களையும் ஆயிரக்கணக்கில், குழந்தை குட்டிகளோடு, ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு ஓட்டிச் சென்றவர் அவர். கன்னட நாட்டிலும் மலையாளத்திலும் அவர் பெயரைச் சொன்னால் இன்றும் இரண்டு கட்சி எழும். அந்த வழக்கைத் தீர்ப்பது நம் நோக்கமன்று. பெற்றோர் செய்த நன்மை தீமைகளில் பத்து வயதுப் பிள்ளைக்குப் பங்கில்லை என்ற அளவில் நாம் மேலே செல்வோம்.

1799 மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு போரில் மடிந்தார். அன்று மாலை, மேஜர் ஆலன் என்ற அதிகாரி சமாதானக் கொடியோடு அரண்மனைக்குள் சென்றார். உள்ளே ஒரு ஜமக்காளத்தின்மேல், ஏவலர் சூழ, அரசகுமாரர்கள் அமர்ந்திருந்தனர். அவர்களுள் ஒருவர் முயிசுத்தீன். ஆலன் அவரை உடனே அடையாளம் கண்டுகொண்டார். ஏழு ஆண்டுகளுக்கு முன் காரன்வாலிஸிடம் ஒப்படைக்கப்பட்டபோது ஆலனும் அங்கே இருந்தவர். அன்று கண்ட நினைவும் இன்று காணும் கோலமும் தம் மனத்தை உருக்கின என்று அவரே எழுதினார். லண்டன் கொட்டகையில் ஆயிரவர் பார்த்த காட்சியின் இரண்டாம் அங்கத்தைப் பார்க்க நேர்ந்தவர்களுள் அவர் ஒருவர். அப்துல் காலிக் மறுநாள் சரணடைந்தார். அன்று மாலை லால் பாகிலுள்ள கும்பஸில், ஹைதரின் பக்கத்தில், திப்புவை அடக்கம் செய்தபோது பிரேதத்தின் பின்னால் குதிரையேறிச் சென்றவரும் அப்துல் காலிக்தான்.

லண்டனுக்குத் திருவிழாவாயிற்று. கெர் போர்ட்டர் என்ற இளம் ஓவியர், ஏறத்தாழ 120 அடி நீளமுள்ள திரையில் கோட்டைத் தாக்குதலை வரைந்து 1800ஆம் ஆண்டில் கட்டணம் வாங்கிக் காட்டினார். மைசூரில் வேறொரு காட்சி. 1799 ஜூன் 30ஆம் தேதி, உடையார் குலத்துக் குழந்தையான மூன்றாம் கிருஷ்ணராஜரை, ஐந்து வயதில், அரியணையில் அமர்த்தினர். ஒரு வீட்டுப் பிள்ளைகள் வெளியேறும்போதே இன்னொரு வீட்டுப் பிள்ளை உள்ளே வருகிறான். இரண்டையும் நடத்துவது ஒரே கை. இதைப் பார்க்கும்போது, கும்பினியாரைவிடத் தேர்ந்த நாடக ஆசிரியர் லண்டனில் இருந்திருக்க முடியாது என்றே தோன்றுகிறது.

திப்புவின் குடும்பத்தாரை, அந்தப்புரப் பெண்டிர் நூற்றுக்கணக்கானோர் உட்பட, வேலூர்க் கோட்டைக்கு அனுப்பினர். குடும்பச் செலவுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் நட்சத்திர வராகனுக்குக் குறையாமல் ஒதுக்குவதென உடன்படிக்கையில் எழுதினர். உணவுக்கும் உடைக்கும் குறைவில்லை. வெளியே போகத்தான் உரிமையில்லை. 1806 ஜூலை 9ஆம் தேதி கோட்டைக்குள் திப்புவின் மகள் ஒருத்திக்குத் திருமணம். மறுநாள் விடியுமுன் வேலூர்ச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். புதுமாதிரித் தலைப்பாகை அணியவேண்டும், நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது என்ற உத்தரவுகளே உடனடிக் காரணம். எழுந்தவர்களிற் பெரும்பாலோர் நம் தமிழ்நாட்டுச் சிப்பாய்கள். கோட்டையில் திப்புவின் புலிக்கொடியை ஏற்றினர். ஃபத்தே ஹைதரை அரசர் என்றனர். சில மணி நேரந்தான். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு விரைந்து வந்து, கோட்டையைக் குருதியில் மூழ்கவைத்து மீட்டார்.

விசாரணை நடந்தது. அரசகுமாரர்களுள் யார்மீது பெருஞ்சந்தேகம் விழுந்தது என்றால், முயிசுத்தீன்மீதே. காரன்வாலிஸின் பக்கத்தில் அமர்ந்து தங்கக் கடிகாரம் வாங்கிய அதே இளையவர், இப்போது இருபதுகளின் நடுவில் இருந்தார். தந்தை என்று மேடையில் பாடினார்களே, அந்த உறவு எத்தகையது என்பதை அவரளவு அனுபவித்தவர் எவரும் இல்லை. மூத்தவரான அப்துல் காலிக் அந்த 1806ஆம் ஆண்டிலேயே காலமானார். குடும்பத்தின் ஆண்மக்களைத் தென்னாட்டில் வைத்திருப்பதே ஆபத்து என்று கருதிக் கல்கத்தாவுக்குக் கடத்தினர். அங்கும் முயிசுத்தீனுக்கு மட்டும் தனிக்காவல். அவர் 1818ஆம் ஆண்டில் இறந்தார். பெண்மக்கள் பலர் வேலூரிலேயே இருந்து மறைந்தனர்; அவர்களுடைய சமாதிகளைக் கோட்டையிலிருந்து சிறிது தொலைவில் இன்றும் காணலாம்.

லண்டன் மேடையின் திப்பு மோகம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் தணியவில்லை. ஆஸ்ட்லி அரங்கில் ஸ்ரீரங்கப்பட்டணம் மறுபடி மறுபடி விழுந்தது. கன்னட நாட்டில் லாவணிப் பாடகர்கள் திப்புவின் முடிவைத் தம் பங்குக்குப் பாடினர். நெடுங்காலம் கழித்து, 1997ஆம் ஆண்டில், இந்திய சுதந்திரத்தின் பொன்விழாவை ஒட்டி, பி.பி.சி. வானொலிக்காகக் கிரீஷ் கர்னாட் திப்புவின் கனவுகளைப் பற்றி ஒரு நாடகம் எழுதினார். பிள்ளைகளை ஒப்படைக்க நேரும் துயரத்தை அதில் கோட்டைக்கு உள்ளிருந்து காட்டியிருக்கிறார். லண்டனிலிருந்து ஒலித்த திப்பு நாடகம்தான் அதுவும். ஆனால் இம்முறை தந்தைக்கும் பிள்ளைக்கும் பேச வாய் இருந்தது. குதிரையும் வெடியும் இல்லாத வானொலி மேடைக்கு வெறும் குரல்களே போதுமாயின.

இந்தக் குடும்பத்தின் சுவடுகளைத் தேட விரும்பும் நேயர்களுக்குச் சில இடங்களைக் குறிப்பிடலாம். மைசூரில் வாழ்பவர்களுக்கு ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை மதிலும் கும்பஸும் தரியா தௌலத் மாளிகையும் அரைநாள் பயணம். சென்னைக்கு விடுமுறையில் செல்பவர்கள் கோட்டை அருங்காட்சியகத்தில் காரன்வாலிஸின் பெரிய சலவைக்கல் சிலையைக் காணலாம். தாமஸ் பாங்க்ஸ் என்ற சிற்பி செதுக்கியது. 1800ஆம் ஆண்டளவில் நிறுவப்பட்டது. சிலையைப் பார்த்துவிட்டு மேலே போய்விடாமல் பீடத்தின் முகப்பைக் குனிந்து நோக்குக. சிறுவர் இருவரை ஒப்படைக்கும் காட்சி அங்கே புடைப்புச் சிற்பமாக இருக்கிறது.

கல்கத்தாவில் வாழும் தமிழர்களுக்கோ தேட வேண்டிய அவசியமே இல்லை. தென்னிந்தியர் மிகுதியாகக் குடியிருக்கும் ஏரிப் பகுதிக்குச் சற்றுத் தெற்கே செல்லும் பிரின்ஸ் அன்வர் ஷா சாலை, திப்புவின் வழித்தோன்றல் ஒருவரின் பெயரைத் தாங்கியது. டாலிகஞ்சில் அக்குடும்பத்துக்கு ஒதுக்கிய நிலங்கள் இருந்தன. திப்புவின் புதல்வர்களில் நெடுநாள் வாழ்ந்தவர் குலாம் முகம்மது. அவர் பிறந்தது, அண்ணன்மார் சென்னையிலிருந்து திரும்பிய மறு ஆண்டில், இறந்தது 1872இல். தர்மதலா முனையில் பல குவிமாடங்களோடு நிற்கும் திப்பு சுல்தான் மசூதி 1842ஆம் ஆண்டில் அவர் கட்டியது. அதன் கல்வெட்டில் கட்டியதற்கு இரண்டு காரணங்களை அவர் பொறித்துவைத்தார். ஒன்று, இறைவனுக்கு நன்றி. மற்றொன்று, தமக்கு வரவேண்டியிருந்த உபகாரச் சம்பளப் பாக்கியை 1840ஆம் ஆண்டில் கும்பினி டைரக்டர்கள் கொடுத்துத் தீர்த்ததன் நினைவு.